ஏறினால் பக்தி, நடந்தால் குற்றமா?

ஸ்தாசியோனே சென்ட்ராலே வாசலால் வெளியே வந்து, வலக்கைப் பக்கம் வியா லிங்கன் வழியே நடந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கடல் வந்துவிடும். எங்கள் அம்மா தினமும் நடக்கும் பாதை அது. அவருக்குச் சீனி வருத்தம். நடக்கச் சொன்னது டொக்டர்.

2020 மார்ச் நடுப்பகுதியில் ஒருநாள், அந்த வீதியில் ஒரு பல்கோனிலிருந்து ஒருவர் கத்தினார்: "வீட்டுக்குப் போ!" அம்மாவுக்குப் பதில் சொல்ல இத்தாலியன் வரவில்லை. திரும்பி வந்துவிட்டார்.

தம்பி, தங்கச்சிமாரே, அந்த வீதிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைக் கொஞ்சம் பாருங்கள்.

பலெர்மோ பழங்காலத்திலிருந்தே உலாவும் நகரம். 1580களில் வைஸ்ராய் மார்க்கன்தோனியோ கொலோன்னா கடலோரமாக ஒரு அகன்ற வீதி போட்டார். இன்று நாங்கள் ஃபோரோ இத்தாலிக்கோ என்பது அதைத்தான். 1770இல் இங்கே வந்த பிரைடன் என்ற ஸ்கொத்லாந்துப் பயணி ஒரு வேடிக்கையை எழுதி வைத்திருக்கிறார். இரவில் அங்கே உலாவும் பிரபுக்கள் யாரும் விளக்குக் கொண்டுபோகக் கூடாதாம். யார் யாரோடு போகிறார் என்று தெரியக் கூடாது என்பதற்காக! வியா லிங்கன் முடியும் இடத்தில் இருக்கும் வில்லா ஜூலியா, 1777-78இல் அமைந்த நகரின் முதல் பொதுப் பூங்கா. 1787இல் ஜெர்மன் கவிஞர் கோதே அதில் மயங்கிப்போய்த் திரும்பத் திரும்ப உலாவினார். அவர்களிடம் யாரும் "ஏன் வெளியே வந்தாய்?" என்று கேட்கவில்லை.

1624இல் கொள்ளைநோய் வந்தது. பெல்லெக்ரீனோ மலையில் சாந்தா ரோசாலியாவின் எலும்புகள் கிடைத்தன. 1625இல் அவற்றைத் தூக்கிக்கொண்டு ஊரே வீதியில் ஊர்வலம் போனது. அதனால்தான் நோய் நீங்கியது என்பது நகரின் நம்பிக்கை. அன்று கூட்டமாக நடப்பதே மருந்து. நான்கு நூற்றாண்டுக்குப் பிறகு வந்த கொரோனாவில், தனியாக நடப்பவரே சந்தேகத்துக்குரியவர்.

சட்டம் என்ன சொன்னது? மார்ச் 10இல் நாடு முழுவதும் அடங்கியபோது, ஒரு மீட்டர் இடைவெளி விட்டு வெளியில் உடற்பயிற்சி செய்ய அனுமதி இருந்தது. மார்ச் 19இல் சிசிலியின் ஆளுகை, தனியாகச் செய்யும் உடற்பயிற்சியையும் தடுத்தது. வீட்டுக்குப் பக்கத்தில் நாயைக் கூட்டிக்கொண்டு போகலாம். நாய் இல்லாதவர் நடக்க முடியாது. மே 4 அளவில்தான் தளர்வு வந்தது. அம்மாவைப் பார்த்துக் கத்திய நாளில் அவர் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. அயலவரின் தீர்ப்பு சட்டத்துக்கு முன்பே வந்துவிட்டது.

கத்தியவரை நான் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். வைரஸ் கண்ணுக்குத் தெரியாது. வீதியில் நடப்பவர் தெரிவார். பயந்த மனது தெரிகிறவரைத்தான் பிடிக்கும். ஆனால் ஸ்டேஷனைச் சுற்றி இரண்டு அறைக்குள் ஐந்தாறு பேர் இருக்கும் வீடுகள் எத்தனை! தோட்டம் உள்ளவர் வீட்டுக்குள்ளேயே நடக்கலாம். எங்களுக்கு வீதிதான் தோட்டம்.

எங்களுக்குள்ளும் இதே பல்கோன் இருக்கிறது. என் தங்கச்சி மாலையில் கடலோரம் ஓடத் தொடங்கியபோது, "பொம்பிளைப் பிள்ளை றோட்டில ஓடுறதோ? ஆக்கள் என்ன நினைப்பினம்?" என்று கேட்டவர்கள் எங்கள் ஆட்கள்தான்.

அம்மா சைவம். ஆனாலும் இங்குள்ள பல தமிழரைப் போல நேர்த்தி வைத்து, வெறுங்காலோடு பெல்லெக்ரீனோ மலையில் ஏறுவார். வழியில் நிற்கும் பலெர்மோக்காரர் "பிராவா, சிஞோரா" என்பார்கள். அதே கால்கள், அதே மூச்சிரைப்பு. ஆனால் விளையாட்டுச் சப்பாத்துப் போட்டு வியா லிங்கனில் வேகமாக நடக்க அவருக்கு இன்னும் கூச்சம். தளர்வு வந்த பிறகும் பல மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. அந்த வருடம் சீனி ஏறியது.

இப்போது சனிக்கிழமை காலையில் நானும் தங்கச்சியும் அவரோடு போகிறோம், அந்தப் பல்கோனுக்குக் கீழாலேயே. உங்கள் வீட்டிலும் தனியாக நடக்கத் தயங்கும் ஒருவர் இருப்பார். ஒருநாள் கூடப் போய்ப் பாருங்கள்.