கோம்: ஓலையில் இருந்து தோளுக்கு

ஏஞ்சலினா ஜோலி இடது தோளில் வரிவரியா பச்சை குத்தியிருக்காங்களே, கவனிச்சிருக்கீங்களா? குத்தினது தாய்லாந்துக்காரர், ஆனா அது தாய் எழுத்து இல்லைங்க. தாய்லாந்தில் அதை 'கோம்' என்பார்கள். கம்போடியாவின் பழைய கெமர் எழுத்திலிருந்து வந்தது. அதுக்கும் பாட்டன் நம்ம பல்லவர் எழுத்துதான்!

மத்திய சயாமில் பாலி மொழி புத்த நூல்களைக் கோமில்தான் எழுதினாங்க. தாய் மொழிக்குத் தனி எழுத்து இருந்தும், புத்தர் வாக்குன்னா கோம்தான். ஓலையில் எழுத்தாணியால் கீறி, கரி தடவித் துடைப்பாங்க. பிக்குகள் பாலி படிக்கணும்னா முதலில் இந்த எழுத்தைக் கத்துக்கணும். (வடக்கே லான்னா பக்கம் 'தம்ம எழுத்து'ன்னு வேற ஒண்ணு, அது தனிக்கதை.)

கோமில் கூட்டெழுத்து வந்தா மெய்க்குக் கீழே மெய் தொங்கும். உயிர்க்குறி மேலே, கீழே, முன்னே, பின்னே எங்கே வேணா வரும். அச்சுக் கோக்கிறவன் பாடு திண்டாட்டம்தான். 1851-ல் அரசரான மோங்குட், அதுக்கு முன் 27 வருஷம் பிக்குவா இருந்தவர். கோமுக்குப் பதிலா 'அரியக'ன்னு ஒரு எழுத்தையே உருவாக்கினார். ரோமன் எழுத்து மாதிரி எல்லாம் ஒரே வரிசையில். புத்திசாலித்தனமான வேலை, ஆனா நிலைக்கலை.

அவர் மகன் சுலலங்கோர்ன் புதுசா எதையும் கண்டுபிடிக்கலை. 1893-ல் பாலி திரிபிடகத்தை 39 தொகுதிகளா, கடைத்தெருக் கணக்கு எழுதுற அதே தாய் எழுத்தில் அச்சிட்டுட்டார்! பாலிக்குக் கோம்தான் வேணும்ங்கிற கட்டாயம் அதோட தளர்ந்துபோச்சு. மீதி இருக்கிறது கோயில் ஓலைப்பெட்டியிலும், தாயத்துத் தகட்டிலும், இந்த மாதிரி தோள்களிலும்.