"தம்பி, ஊசி போட்டா மயங்கிடுவேனா?"

வடக்குத்திலிருந்து பல்வலியோடு வரும் பாட்டி நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்கும் கேள்வி இது. "இல்லை பாட்டி, அந்த இடம் மட்டும்தான் மரத்துப்போகும்" என்று சொல்லிச் சொல்லியே நம்மில் பலருக்குத் தலை நரைத்துவிட்டது! ஆனால் பாட்டியின் பயத்துக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறே இருக்கிறது.

மயக்க மருந்தை உலகுக்குக் காட்டியவர்களே பல் மருத்துவர்கள்தாம். அமெரிக்காவில் ஹொரேஸ் வெல்ஸ் 1844 டிசம்பரில் சிரிப்பூட்டும் வாயுவைச் சுவாசித்துத் தன் பல்லையே பிடுங்கச் சொன்னார், வலி தெரியவில்லை. மறுமாதம் பாஸ்டனில் செய்துகாட்டியபோது நோயாளி கத்திவிட்டார். கூடியிருந்தோர் கேலி செய்தனர். வெல்ஸின் பழைய கூட்டாளி வில்லியம் மார்ட்டன் 1846 அக்டோபர் 16 அன்று ஈதரால் வெற்றி கண்டார். 1847-லேயே ஈதர் கல்கத்தாவுக்கும் வந்துவிட்டது.

கைதட்டல் ஓய்வதற்குள் துயரமும் வந்தது. 1848 ஜனவரியில் இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுச் சிறுமி, கால் நகம் எடுக்கக் கொடுத்த குளோரோஃபார்மில் உயிரிழந்தாள். மருந்து கிடைத்தால் மட்டும் போதாது, கொடுக்கத் தெரிந்த கையும் வேண்டும் என்பதே பாடம்.

அது சட்டமாக நெடுங்காலம் பிடித்தது. பிரிட்டனில் பல் மருத்துவமனை அறையிலேயே முழு மயக்கம் கொடுப்பது சர்வ சாதாரணமாக இருந்தது. 1990-ல் பாஸ்வில்லோ அறிக்கை பயிற்சியையும் கருவிகளையும் வலியுறுத்தியது. 1998-ல் மயக்கவியல் பயிற்சி பெற்ற மருத்துவர்களே கொடுக்கலாம் என்று விதி வந்தது. 2001 முடிவோடு பெரிய மருத்துவமனைகளுக்கு வெளியே அது நின்றே போனது. அமெரிக்காவில் மாநில வாரியங்கள் அனுமதிச் சீட்டு வழங்குகின்றன. நடுத்தர அளவு அரை மயக்கத்துக்கு 60 மணி நேரப் படிப்பும் 20 நோயாளிகளிடம் நேரடிப் பயிற்சியும் வேண்டும் என்கிறது அந்நாட்டுப் பல் மருத்துவச் சங்கத்தின் 2016 வழிகாட்டுதல்.

நம் நாட்டில் பதிவை முறைப்படுத்தியது 1948-ன் பல் மருத்துவர் சட்டம். 2023-ல் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டமும் நிறைவேறியது. மரப்பு ஊசி பி.டி.எஸ். படிப்பிலேயே பாடம். முழு மயக்கம் என்றால் மயக்க மருத்துவரை அழைப்பதே முறை.

ஏன் இத்தனை கெடுபிடி? பல்லும் நாமும் மல்லுக்கட்டும் நேரத்தில் நோயாளியின் மூச்சை யார் பார்ப்பது? பார்க்க இன்னொரு ஆள் வேண்டும். மூச்சு நின்றால் மீட்கத் தெரிந்தவராகவும் அவர் இருக்க வேண்டும். தம்பி தங்கைகளே, சான்றிதழ் சுவரில் மாட்ட மட்டுமல்ல. "நமக்குத் தெரியாததா?" என்ற எண்ணம் தலைதூக்கும்போதெல்லாம் அந்தப் பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் நம்மை நம்பித்தான் வாயைத் திறக்கிறார்.