முட்டுக்கட்டையின் மாண்பு

ஊர் கூடித் தேர் இழுத்தல் என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆயினும் தேர் நிலைக்கு வந்து சேர்வது வடம் பிடிப்போரால் மட்டுமன்று. 96 அடி உயரமுள்ள திருவாரூர் ஆழித்தேர் அசைந்து வருகையில் ஆயிரம் கைகள் அதனை இழுக்கும். சக்கரத்தின் அருகே குனிந்தவண்ணம் முட்டுக்கட்டை இடுவோரோ மிகச் சிலர். மூலையில் தேரைத் திருப்புவதும், பாய்ந்தோடாமல் தடுப்பதும், உரிய இடத்தில் நிறுத்துவதும் அவர்தம் கைத்திறனே. பிற்காலத்தில் அத்தேருக்குத் திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தார் இரும்புச் சக்கரங்களும் நீர்விசைத் தடையும் அமைத்துத் தந்தனர். ஆயினும் நம் பேச்சு வழக்கில், நற்செயலைக் கெடுப்பவனையே 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்று ஏசுகிறோம். இச்சொல்லுக்கு நாம் இழைத்த அநீதியைக் கடல் கடந்த நாட்டுப் போட்டியொன்றின் வரலாறு நன்கு விளக்குகிறது.

அமெரிக்க நாட்டு உழவர்கள் முற்காலத்தில் தத்தம் குதிரைகளின் வலிமையைப் பேசிப் பெருமை கொள்வது வழக்கம். வாய்ப்பேச்சு பந்தயமாயிற்று. தானியக் களஞ்சியத்தின் கதவைக் கழற்றித் தரையில் கிடத்திக் குதிரையைப் பூட்டுவர். வழி நெடுக நிற்கும் ஆடவர் ஒருவர்பின் ஒருவராக அப்பலகைமேல் ஏறுவர். செல்லச் செல்லச் சுமை கூடும். குதிரை எங்கே நின்றதோ அதுவே அதன் வலிமைக்கு அளவு. 1929ஆம் ஆண்டில் மிசூரி, ஒகாயோ ஆகிய மாநிலங்களில் குதிரைக்கு மாற்றாக டிராக்டர்களைக் கொண்டு இப்போட்டி நடந்தது. பின்னர் லாரிகளும் களத்தில் இறங்கின.

மக்கள் ஏறும் முறையில் இரு குறைகள் இருந்தன. ஏறுவோர் எல்லாரும் ஒரே எடையினர் அல்லர். ஒருவர் முந்தி ஏறினாலும் பிந்தி ஏறினாலும் கணக்குப் பிழைக்கும். அன்றியும், ஓடும் பலகைமேல் தாவுவது உயிருக்கே இடர். ஊருக்கு ஊர் விதியும் வேறுபட்டது. 1969ஆம் ஆண்டில் எட்டு மாநிலத்தார் கூடித் தேசிய அளவில் ஒரு சங்கம் கண்டு விதிகளை ஒருமைப்படுத்தினர். அதனையடுத்த ஆண்டுகளில், தானே சுமையைக் கூட்டும் சறுக்குவண்டி வழக்கிற்கு வந்தது.

அதன் அமைப்பு எளிது. வண்டியின் பின்புறம் சக்கரங்கள். முன்புறம் தரையில் படியும் இரும்புத் தகடு. மேலே எடைப்பெட்டி. புறப்படும்போது பெட்டி சக்கரங்களின்மேல் இருத்தலால் வண்டி எளிதாக உருளும். வண்டி நகர நகர, அச்சக்கரங்களின் சுழற்சியே சங்கிலி வழியாகப் பெட்டியை முன்னோக்கி ஏற்றும். எடை சக்கரத்தை விட்டுத் தகட்டின்மேல் சாயும், தகடு மண்ணை அழுத்தும், உராய்வு மிகும். இழுப்பவன் எவ்வளவு முன்னேறினானோ அவ்வளவுக்கு எதிர்ப்பும் வளரும். முடிவில் சக்கரம் சுழன்றும் லாரி நகராது. அதுவரை சென்ற தொலைவை அளப்பர்.

விதிகளும் இவ்வாறே நுட்பமானவை. ஒவ்வொரு வகுப்பிலும் லாரியின் எடைக்கும், சங்கிலி கொளுவும் கொக்கியின் உயரத்திற்கும் வரம்பு உண்டு. கொக்கி உயர்ந்தால் பின்சக்கரங்களுக்குப் பிடிப்பு மிகுந்துவிடும் அன்றோ? சங்கிலியை இறுக்கிய பின்னரே புறப்படவேண்டும்; வெட்டியிழுத்தல் கூடாது. பக்கக்கோட்டைத் தாண்டினால் ஆட்டம் இழப்பு. 300 அடி சென்றால் முழு இழுப்பு. பலர் முழு இழுப்புக் கண்டால், எடையைக் கூட்டி மீண்டும் போட்டியிடச் செய்வர். பச்சைக்கொடி காட்டினால் புறப்பாடு. சிவப்புக்கொடி காட்டினால் உடனே நிறுத்தம்.

இவற்றினும் சிறந்த விதி ஒன்றுண்டு. விசை மிகுந்த வகுப்புகளில் லாரியின் இயந்திரத்தை அணைக்கும் விசைக்கும் சறுக்குவண்டிக்கும் இடையே ஒரு கயிறு கட்டப்பட்டிருக்கும். சங்கிலி அறுந்து லாரி பாய்ந்தால் அக்கயிறு விசையை இழுக்கும், இயந்திரம் அடங்கும். சறுக்குவண்டியை இயக்குபவரும் இடர் கண்டபோது ஓட்டத்தை நிறுத்த வல்லவர். அவர் எவர்க்கும் எதிரி அல்லர். எல்லார்க்கும் ஒரே அளவான எதிர்ப்பை அளிப்பவர். வெற்றிக்கு மதிப்பு தருபவர் அவரே.

உயிரற்ற இயந்திரத்துக்கு இத்துணைக் காவல் இருக்க, உயிருள்ளவற்றின் நிலை என்ன? நம் அண்டை வீட்டுத் தெலுங்கு அன்பர்களின் நாட்டில் எருதுகளைப் பூட்டிப் பெருங்கல்லை இழுக்கச் செய்யும் போட்டி உண்டு. குறித்த நேரத்தில் மிகுந்த தொலைவு இழுத்த இணைக்கே பரிசு. தமிழகத்தில் ரேக்ளாப் பந்தயம் உண்டு. வாயில்லாத அவ்விலங்குகள் 'போதும்' என்று சொல்லமாட்டா. 2014ஆம் ஆண்டில் சல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயங்களையும் உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2017ஆம் ஆண்டில் தமிழக அரசு சட்டம் திருத்தியது. 2023ஆம் ஆண்டில் அரசியல் சாசன அமர்வு அதனை ஏற்றது. மரபு நிலைக்கட்டும், ஆனால் அதனோடு நிறுத்தும் கயிறும் நிலைத்தல் வேண்டும்.

நாம் வாழும் இத்தீவுகளே அதற்குச் சான்று. 1883ஆம் ஆண்டில் வனத்துறையும் சாத்தம் மர அறுவை ஆலையும் தோன்றின. படாக் முதலிய பெருமரங்களைக் காட்டினின்று இழுத்துத் தந்தவை யானைகள். அங்கே கொடியில்லை, கைதட்டலில்லை, பரிசுமில்லை. மார்பிற் பட்டையும் பின்னே சங்கிலியுமே உண்டு. 2002ஆம் ஆண்டில் மரம் வெட்டுதலுக்கு உச்ச நீதிமன்றம் கடுமையான கட்டுப்பாடுகளை விதித்தது. இக்காடுகளுக்கும் யானைகளுக்கும் இடப்பெற்ற முட்டுக்கட்டை அதுவே எனலாம். அத்தொழிலில் உழைத்து, பின்னாளில் கடலில் நீந்திப் பெயர்பெற்ற ராஜன் என்னும் யானை 2016ஆம் ஆண்டில் ஹேவ்லாக் தீவில் மறைந்தது. அத்தீவு இன்று சுவராஜ் துவீபம் எனப்படுகிறது.

ஆகவே நண்பர்காள்! இழுப்பவனைப் போற்றுதல் எளிது. நிறுத்துபவனையும் போற்றுதல் அறிவுடைமை. ஒரு சங்கத்தில் வடம் பிடிக்கப் பலர் வருவர். 'இவ்விடத்தில் சற்றுப் பொறுங்கள், சக்கரம் சாய்கிறது' என்று சொல்லும் ஒருவரும் வேண்டும். அவர் சொல்லைக் கேட்டுத் திரும்பிய தேரே நிலை சேரும்.