ஆல்டோ குரல் எங்கே போனது?

நூற்றாண்டு விழாவுக்கான சேர்ந்திசை ஒத்திகை இணையவழியில் தொடங்கிய முதல் நாளே ஒரு குறை வெளிப்பட்டது. கல்லூரிக் கீதத்தின் மெட்டு ரொறன்ரோவில் இருப்பவருக்கும் தெரியும், மட்டக்களப்பில் இருப்பவருக்கும் தெரியும். ஆல்டோ குரல்தான் எவருக்கும் நினைவில்லை. மூன்று வருடம் ஆல்டோ பாடிய எனக்கே வரவில்லை. மெட்டு மனதில் தங்கிவிடும். துணைக்குரல் கடதாசியில்தான் தங்கும். எங்கள் பாட்டுக் கொப்பிகளோ 1995 இடப்பெயர்வோடு போய்விட்டன.

பிறகு சிட்னியிலிருந்து மூத்த அக்கா ஒருவர் பழைய பக்கமொன்றைப் படம்பிடித்து அனுப்பினார். அதில் ஐந்து கோடுகள் இல்லை. ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் முக்காற்புள்ளிகளும் சிறு கோடுகளும் மட்டுமே. இளைய தங்கைமார் அதைத் தந்தி மொழி என்றே நினைத்துவிட்டார்கள்.

ஓசையை எழுதிவைக்க முடியாது, மனிதர் நினைவில் வைக்காவிட்டால் அது அழிந்துவிடும் என்று ஏழாம் நூற்றாண்டில் செவில் நகர இசிடோர் எழுதினார். ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்குப் பின் இத்தாலியத் துறவி குய்டோ அதற்கு வழி கண்டார். நான்கு கோடுகள் வரைந்து, ஒன்றைச் சிவப்பாகவும் ஒன்றை மஞ்சளாகவும் தீட்டி, சுரங்களுக்கு இடம் குறித்தார். ஆசிரியர் இல்லாமலே சிறுவர் புதுப் பாட்டைப் பாடினார்கள். பத்தாண்டுப் படிப்பை ஓரிரு ஆண்டாகக் குறைத்துவிட்டதாக அவரே பெருமைப்பட்டிருக்கிறார்.

நான்கு கோடு பின்னர் ஐந்தானது. அதைத்தான் நாங்கள் படித்தோம். மருத்துவபீடத்தில் முதன்முதல் ஈ.சி.ஜி. தாளைக் கண்டபோது எனக்குப் பயம் வராததற்கு அதுவே காரணம்: இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக உயரம், நடுவில் ஒரு மௌனம் வந்தால் அதையும் எண்ணவேண்டும்.

கோட்டுச் சுரங்களுக்கு ரீச்சர் சொல்லித்தந்த வாய்ப்பாடு, ‘எவ்ரி குட் போய் டிசேர்வ்ஸ் ஃபேவர்’. “பெண்கள் கல்லூரியில் ஏன் ரீச்சர் போய்?” என்று ஒருத்தி கேட்க, ரீச்சர் சிரிப்பை மறைக்கப் பியானோப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தக் கேள்விக்கு இன்று நான் ஒரு பெயரைச் சொல்வேன்: சாரா குளோவர்.

இங்கிலாந்தின் நோர்விச் நகரில் 1786இல் பிறந்தவர், பாதிரியாரின் மகள். கோடுகளைப் பார்த்து மிரண்ட பிள்ளைகளுக்காக டோ, ரே, மி ஆகியவற்றின் முதலெழுத்துகளை மட்டும் வைத்துப் பாடம் அமைத்தார். ஏழாம் சுரம் ‘சி’ என்றிருந்தால் ‘சோ’வுடன் முதலெழுத்து மோதும், ஆகவே அதை ‘டீ’ ஆக்கினார். (நம்முடைய ஸரிகமபதநிக்கு அந்தச் சிக்கலே இல்லை.) எந்தச் சுருதியில் தொடங்கினாலும் டோதான் ஆதாரம், நமது ஸட்ஜம் போல. சரளி வரிசை படித்த பிள்ளைக்கு இது பாதி தெரிந்த பாடம்.

1835இல் அவருடைய நூல் வெளிவந்தது. 1841இல் ஞாயிறு பாடசாலை ஆசிரியர் மாநாடொன்று, பாட்டுக் கற்பிக்கச் சிறந்த வழி தேடும் பொறுப்பை ஜோன் கேர்வன் என்ற இளம் போதகரிடம் கொடுத்தது. அவர் குளோவரின் முறையை எடுத்து, அவரை முன்கூட்டிக் கேளாமலே மாற்றி, ரொனிக் சொல்ஃபா என்று பரப்பினார். குளோவருக்குக் கடன்பட்டதைக் கேர்வன் மறைக்கவில்லை. ஆனாலும் உலகம் கேர்வன் முறை என்றே சொல்லிப் பழகிவிட்டது. எனக்கு இது இன்னும் ஆறவில்லை.

சாதாரண அச்செழுத்தே போதும் என்பதால் அது மிஷன் பாடசாலைகள் வழியே கடல் தாண்டியது. தென்னாபிரிக்காவில் ஈனொக் சொன்டொங்கா என்ற ஆசிரியர் 1897இல் ‘ங்கோசி சிகெலெல்’ இஆஃப்ரிகா’வை இந்த எழுத்துகளில்தான் எழுதினார். இன்று அது அந்நாட்டுத் தேசிய கீதத்தின் ஒரு பகுதி.

சிட்னிப் பக்கத்தை வாசிக்க எனக்கு ஒரு பின்னேரம் பிடித்தது. முக்காற்புள்ளி அடுத்த மாத்திரையைக் காட்டும். சிறு கோடு வந்தால் முன்சுரத்தை நீட்டவேண்டும். பாடிப் பார்த்தேன். இரண்டாம் அடியில் குரல் தானாகவே கீழே இறங்கியது. பக்கத்தில் நின்று பாடியவளின் தோள் நினைவுக்கு வந்தது.

கடைசி அடியில் மட்டும் இரண்டு மாத்திரைகளைச் செல் அரித்துவிட்டது. அதற்கு முன் ஃபா, பின் மி. இடையில் என்ன இருந்ததென்று ஆல்டோ பாடிய எவரிடமாவது கொப்பி இருந்தால், விழாவுக்கு முன் சங்கச் செயலாளருக்கு ஒரு படம் அனுப்பிவையுங்கள்.