கண்ணாடித் தொட்டியும் தண்ணிப்பாம்பும்

தண்ணிப்பாம்பை வீட்டு மீன்தொட்டியில் வைத்து வளர்க்கலாமா? எங்கட குழுவுக்குள் இந்தக் கேள்வியைக் கொண்டுவந்தது ஒரு காணொளி. மூக்கு நுனியில் இரண்டு சின்னக் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற பாம்பொன்றைத் தொட்டியில் விட்டு, வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் அதுக்கு மீன்குஞ்சு போட்டுக் காட்டுகிறார். விலங்கியல் படிக்கிற பெடியளைக் கேட்டிருந்தால் தொட்டியின் அளவு, தண்ணியின் சூடு எண்டு தொடங்கியிருப்பார்கள். நாங்கள் கலைப்பீடம். எங்களுக்கு வந்தது வேறு கேள்வி: பாம்பு எப்ப, ஆரால் கண்ணாடிக்குள் போனது?

முதலில் எங்கட தண்ணியைப் பற்றிச் சொல்லவேணும். கொடிகாமம் சந்தியில் இருந்து தெற்கே போனால் கச்சாய், அங்கே யாழ்ப்பாணக் கடல்நீரேரி. வடக்கே வரணியைத் தாண்டினால் வடமராட்சி நீரேரி. இரண்டு உவர்நீருக்கும் நடுவில் வயல், குளம், கேணி, துரவு, கிணறு. அதனால் பாம்பும் பலவகை. நன்னீரில் இருப்பது, நீர்க்கோலி என்றும் எழுதப்படுகிற தண்ணிப்பாம்பு. முதுகில் சதுரங்கப் பலகை போலக் கட்டங்கள், மீனும் தவக்கையும் சாப்பாடு, மனிதரைக் கொல்லும் விஷம் இல்லை. பயந்தால் கழுத்தைத் தட்டையாக்கும். அதைப் படம் எண்டு நினைச்சு நாகம் என்று அடித்துவிடுவார்கள். உவர்நீர்ச் சேற்றில் இருப்பது நாய்முகத் தண்ணிப்பாம்பு. அது முட்டையிடாமல் குட்டி போடும், கடைவாய்ப் பல்லில் மெல்லிய விஷம் உண்டு, மனிதருக்கு ஆபத்தில்லை. மூன்றாவது, அரம் மாதிரிச் சொரசொரப்பான தொளதொளத்த தோலுள்ள ஒன்று. தரையில் போட்டால் நகரவே திண்டாடும், தண்ணிக்குள் மணித்தியாலக் கணக்கில் மூச்சடக்கிக் கிடக்கும்.

நல்லபாம்புக்கு நாகர்கோவிலிலும் புளியம்பொக்கணையிலும் நாகதம்பிரான் இருக்கிறார். தண்ணிப்பாம்புக்கு அப்படி ஒருவரும் இல்லை. 'நீர்க்கோலி கடிச்சாலும் இராச்சாப்பாடு கெடும்' எண்டு மலையாளத்தில் ஒரு பழமொழி இருக்கு. அற்பமான ஆளும் இடைஞ்சல் தருவான் என்பது பொருள். ஆக மரியாதையும் இல்லை, பெரிய பயமும் இல்லை.

இந்த அற்பப் பாம்புக்கு உலகப் பெயர் வந்த கதை எங்களுக்கு நல்லாப் பிடிச்சது. பற்றிக் ரசல் என்ற ஸ்கொட்லாந்து வைத்தியர் விசாகப்பட்டினத்தில் இருந்து, கிழக்கிந்தியக் கம்பனிக்காகப் பாம்புகளைச் சேகரித்தார். கோரமண்டல் கரையின் பாம்புகள் பற்றிய அவருடைய நூல் 1796 இல் லண்டனில் வந்தது. படங்களோடு அந்த ஊர்ச் சனம் சொன்ன தெலுங்குப் பெயர்களையும் போட்டார். மூன்று வருடம் கழித்து, 1799 இல், ஷ்னைடர் என்ற ஜெர்மானியர் அந்தப் படங்களைப் பார்த்தே எங்கட தண்ணிப்பாம்புக்கு 'பிஸ்கேற்றர்' என்று லத்தீன் பெயர் வைத்தார். மீன்பிடிகாரன் எண்டு அர்த்தம். இந்த ஷ்னைடர் உண்மையில் கிரேக்க மொழிப் பேராசிரியர், கிரேக்க அகராதி தொகுத்தவர். எங்கட பீடத்து ஆள் எண்டு சொல்லலாம்! நாய்முகப் பாம்புக்கு ஆங்கிலத்தில் இன்றைக்கும் 'பொக்கடம்' என்றொரு பெயர் புழங்குகிறது. அது ரசல் எழுதிவைத்த தெலுங்குச் சொல். அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுத்தது ஆர் எண்டது எங்கேயும் பதிவாகவில்லை.

பெயர் வந்த பிறகு கண்ணாடி வந்தது. லண்டன் விலங்குத் தோட்டம் 1849 இல் ஊர்வனவற்றுக்கெனத் தனிக் கட்டடம் திறந்தது. 1852 இல் அங்கே வேலைசெய்த எட்வேர்ட் கேர்லிங்கை நாகம் தீண்டி அவர் இறந்தார். 1850 இல் ரொபேர்ட் வொறிங்ரன், நீர்ச்செடி விட்டால் மூடிய தொட்டியிலும் மீன் உயிரோடு இருக்கும் என்று எழுதினார். 1853 இல் அதே தோட்டத்தில் மீன்வீடு திறந்தது. அதன்பிறகு இங்கிலாந்தின் வசதியான வீடுகளில் மீன்தொட்டி ஒரு பைத்தியமாகவே பரவியது. கவனிச்சுப் பாருங்கோ: நாங்கள் கிணற்றையும் குளத்தையும் எப்பவும் மேலே இருந்துதான் பார்த்தோம். தண்ணியைப் பக்கவாட்டில் பார்க்கிறது அதுவரைக்கும் கிட்டத்தட்ட ஒருவருக்கும் வாய்க்காத பார்வை.

அந்தப் பார்வை எங்கட பக்கம் வந்தது ஆட்சியாளரின் கையால். மெட்ராஸ் மெரீனாவில் 1909 இல் மீன்காட்சிச்சாலை திறந்தது; அதன் பின்னால் நின்றவர் அருங்காட்சியகத் தலைவர் எட்கர் தர்ஸ்டன். மனிதரின் மூக்கையும் தலையையும் அளந்து, தென்னிந்தியச் சாதிகள் பற்றி ஏழு தொகுதி வெளியிட்டவரும் அவரே, அதுவும் அதே 1909 இல். இலங்கையிலும் இப்படித்தான். ஹம்பேர்க் விலங்கு வியாபாரி கார்ல் ஹேகன்பெக் 1880களில் இங்கிருந்து யானைகளோடு மனிதரையும் கொண்டுபோய் ஐரோப்பியருக்குக் காட்சி வைத்தார். அவருடைய சகோதரர் ஜோன் கொழும்பில் நடத்திய விலங்குச் சேகரிப்பைத்தான் 1936 இல் அரசாங்கம் எடுத்தது. அதுதான் தெஹிவளை. காட்சிக்கு மீன் வைத்த கையும் மனிதரை வைத்த கையும் ஒண்டுதான் எண்டதை நாங்கள் தற்செயல் என்று எடுக்கவில்லை.

இனி அந்தக் காணொளிப் பாம்பு. கொம்பு மூக்குப் பாம்பு தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் பக்கத்தது. சீவியம் முழுக்கத் தண்ணிக்குள்ளேயே இருப்பதால் தொட்டிக்குத் தோதானது எண்டு பெயரெடுத்தது. ஆனால் அது இருக்கிற கம்போடியாவின் தொன்லே சாப் ஏரியில், 2007 இல் வந்த ஓர் ஆய்வின் கணக்கில், வருடத்துக்கு ஏறத்தாழ 69 இலட்சம் நீர்ப்பாம்புகள் பிடிபட்டன. அதிகமும் முதலைப் பண்ணைகளுக்குத் தீனி. மீன் குறையக் குறையப் பாம்பு பிடிக்கப் போன ஏழை மீனவரின் கதை அது. தொட்டியில் மினுங்குகிற ஒன்றிரண்டைப் பார்க்கேக்க இதையும் சேர்த்தே பார்க்கவேணும் எண்டது எங்கட நிலைப்பாடு.

எங்கட பாம்புகள் தொட்டிக்குச் சரிவராது. தண்ணிப்பாம்புக்கு உலர்ந்த இடமும் வெயிலும் வேணும். எப்பவும் நனைஞ்சு கிடந்தால் தோல் கொப்புளிக்கும். தங்கமீன் மட்டும் போட்டு வளர்த்தால் அந்த மீனில் இருக்கிற நொதி விற்றமின் பி1 ஐ அழித்து, பாம்புக்கு வலிப்பு வரும். அரத்தோல் பாம்பு பிடிபட்டால் அநேகமாகச் சாப்பிடவே மாட்டுது. இதுக்கு மேல, இலங்கையில் பெரும்பாலான காட்டு ஊர்வனவற்றை அனுமதியில்லாமல் பிடித்து வைத்திருக்க 1937 ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் விடாது. இந்தியாவும் தண்ணிப்பாம்பையும் நாய்முகப் பாம்பையும் சர்வதேச வணிகக் கண்காணிப்புப் பட்டியலில் 1984 இல் சேர்த்தது.

ஆனால் தென்மராட்சியில் தண்ணிப்பாம்பு வீட்டுக்கு வராமல் இருந்ததில்லை. கிணற்றில் மீன் விடுவது இங்கே பழைய பழக்கம். 2016 கடைசியில் மன்னாரில் புதுவகை மலேரியா நுளம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு சுகாதாரப் பகுதியினரே கிணறுகளில் மீன் விட்டார்கள். மீன் இருந்தால் பாம்பும் வரும். 2000 ஆம் ஆண்டு ஆனையிறவுச் சண்டைக்குப் பிறகு கொடிகாமம், சாவகச்சேரிச் சனம் இடம்பெயர்ந்தது. நாங்கள் பிறக்காத காலம் அது. திரும்பி வந்து முதல் வேலையாகக் கிணறு இறைச்சபோது உள்ளே தண்ணிப்பாம்புதான் கிடந்தது எண்டு எங்கட வீட்டுப் பெரியாக்கள் இன்னும் கதைப்பினம். கட்டுக் கிணற்றின் சுவரால் அதுக்கு ஏறத் தெரியாது. கயிற்றில் தென்னம் மட்டை ஒன்றைக் கட்டிப் பொழுதுபட இறக்கிவிட்டால், விடிய மட்டை மட்டும்தான் தண்ணியில் கிடக்கும்.