சபா அரசியலில் பிபிஎஸ்: இரு முறை 25 இடங்கள், இருவேறு முடிவுகள்

பிபிஎஸ் எனப்படும் பார்ட்டி பெர்சத்து சபா, சபா மாநிலத்தை மட்டுமே களமாகக் கொண்டு 1985 மார்ச் மாதம் தொடங்கப்பட்ட கட்சி. கடாசான் டூசுன் மக்களிடையே வலுவான ஆதரவு பெற்ற இக்கட்சியைத் தோற்றுவித்தவர் ஜோசப் பைரின் கிட்டிங்கான்.

அதற்கு முன் அவர் ஆளும் பெர்ஜெயா கட்சியில் இருந்தார். தலைமையுடன் மோதல் முற்றியதால் வெளியேறி, 1984 இறுதியில் தம்புனான் இடைத்தேர்தலில் சுயேச்சையாக நின்று வென்றார். மாநில அரசோ தம்புனானின் மாவட்டத் தகுதியையே பறித்தது. ஆளுங்கட்சிக்கு அது பெரும் பாதகமாக முடிந்தது.

1985 ஏப்ரல் தேர்தலில், தொடங்கி ஏழு வாரங்கள்கூட ஆகாத பிபிஎஸ், 48 இடங்களில் 25ஐ வென்றது. முதலமைச்சர் ஹாரிஸ் சாலே தமது தொகுதியிலேயே தோற்றார். ஆனால், உஸ்னோ தலைவர் துன் முஸ்தபா அதிகாலையில் மாநில ஆளுநர் முன் முதலமைச்சராகப் பதவியேற்றுக்கொண்டார். உஸ்னோவின் 16, பெர்ஜெயாவின் 6, அரசு நியமிக்கக்கூடிய 6 உறுப்பினர்கள் என 28 பேர் என்பது அவரது கணக்கு. மக்கள் தேர்ந்தெடுக்காத அறுவரை வைத்து ஆட்சி அமைக்கும் அந்த முயற்சி ஒரு நாள்கூட நிலைக்கவில்லை. அன்றே அந்த நியமனம் ரத்தாகி, பைரின் முதலமைச்சரானார்.

1986 தேர்தலில் 34 இடங்கள், 1990 ஜூலையில் 36 இடங்கள் எனக் கட்சி வளர்ந்தது. இடையில் தேசிய முன்னணியில் சேர்ந்த பிபிஎஸ், 1990 அக்டோபர் பொதுத்தேர்தலுக்குச் சில நாட்களே இருந்தபோது எதிரணிக்கு மாறியது. பிரதமர் மகாதீர் இதை முதுகில் குத்திய செயலாகச் சாடினார். அடுத்த ஆண்டே அம்னோ சபாவில் கால் பதித்தது.

1994 பிப்ரவரியில் மீண்டும் 25 இடங்கள். தேசிய முன்னணிக்கு 23. இம்முறை பைரின் பதவியேற்க ஆளுநர் மாளிகை வாசலில் சுமார் 36 மணி நேரம் காரில் காத்திருந்தார். பதவியேற்றும் பயனில்லை. உறுப்பினர்கள் அடுத்தடுத்துக் கட்சி தாவ, மார்ச் 17ஆம் தேதி அவர் பதவி விலகினார். விலகியவர்கள் தொடங்கிய புதிய கட்சிகள் தேசிய முன்னணியில் இடம்பெற்றன. தேர்தலில் தோற்ற அணி ஒரு மாதத்திற்குள் ஆட்சியைப் பிடித்தது.

2002இல் பிபிஎஸ் தேசிய முன்னணிக்கே திரும்பியது. 2018 தோல்விக்குப் பின் மறுபடி விலகியது. அதே தேர்தலில் பைரின் தம் சொந்தத் தம்பி ஜெஃப்ரியிடம் கெனிங்காவ் நாடாளுமன்றத் தொகுதியை இழந்தார். 2020இல் ஜிஆர்எஸ் கூட்டணி வழியாகக் கட்சி மாநில ஆட்சியில் மீண்டும் பங்கு பெற்றது. அதன் பிறகு தனித்து ஆளும் பலம் அதற்கு இருந்ததில்லை.

கட்சி தாவலைத் தடுக்க, கூட்டரசு அரசியலமைப்பு 2022இல் திருத்தப்பட்டது. சபா சட்டமன்றம் அடுத்த ஆண்டு தனது சட்டத்தை நிறைவேற்றியது. நியமன உறுப்பினர் முறை மட்டும் தொடர்கிறது. 73 தொகுதிகள் கொண்ட சட்டமன்றத்தில் இன்றும் 6 பேர் வரை நியமிக்கலாம்.