மூவர் வந்தால்தான் திறக்கும் அறை

தேவார ஏடுகள் தில்லையில் கிடைத்ததைப் பக்திக் கதையாகவே சொல்லி வருகிறோம். அதை ஒரு பூட்டின் கதையாகவும் படிக்க வேண்டும் என்பேன். உமாபதி சிவாசாரியார் பெயரில் வழங்கும் திருமுறைகண்ட புராணம் சொல்வது இது: காட்டுமன்னார்கோவிலை அடுத்த திருநாரையூரில், பொல்லாப் பிள்ளையார் அருளால் நம்பியாண்டார் நம்பி ஏடுகள் இருக்குமிடம் அறிகிறார், சோழ மன்னன் ராஜராஜனோடு தில்லைக்கு வருகிறார். பூட்டிய அறை, அதன்மேல் மூவரின் கையடையாளம். பாடியவர்கள் வந்தால்தான் திறப்போம் என்கிறார்கள் தில்லைவாழ் அந்தணர்கள். சம்பந்தரும் அப்பரும் சுந்தரரும் மறைந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. மன்னன் மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து அறை முன் நிறுத்திய பிறகே கதவு திறக்கிறது. உள்ளே ஏடுகளை மூடிப் புற்று வளர்ந்திருக்கிறது. எண்ணெய் சொரிந்து புற்றைக் கரைத்து, தப்பியவற்றை எடுத்தார்கள். இன்று நம்மிடம் உள்ளவை எண்ணூறுக்குச் சற்றுக் குறைந்த பதிகங்களே. அயலார் கைபடாமல் காத்த அதே முத்திரை, உரியவர் போனபின் யார் திறப்பது என்பதற்கு வழி வைக்கவில்லை.

பிட்காயினைச் சொந்த வாலட்டில் வைத்திருப்பவரின் குடும்பமும் அந்தக் கதவின் முன்தான் நிற்கிறது. 12 அல்லது 24 சொற்கள் கொண்ட ஒரு வரிசை. அதை அறிந்தவருக்கே பணம். கிரிப்டோ நாணயம் சொத்துதான் என்று 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. சொத்து என்றால் வாரிசுக்குச் சேரும். ஆனால் வாரிசு யார் என்று தீர்ப்பளிக்கும் நீதிமன்றத்தால் அந்தச் சொற்களைத் தர முடியாது. வங்கிக் கணக்கென்றால் நாமினி உண்டு, வாரிசுச் சான்றிதழ் உண்டு. தில்லையிலாவது மன்றாட ஆட்கள் இருந்தார்கள்.

புராணத்தை வரலாறாகக் கொள்ளலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ராஜராஜனுக்கு முன்பே, நந்திவர்மப் பல்லவன் காலத்துத் திருவல்லம் கல்வெட்டில் திருப்பதியம் பாடுவோர் வருகிறார்கள். தேவாரம் அடியோடு மறைந்திருக்கவில்லை. என் வாதத்துக்கு இது இன்னும் வலுச் சேர்க்கிறது: பலர் வாயில் இருந்தது பிழைத்தது. ஏடுகளில் இல்லாத சம்பந்தர் பதிகம் ஒன்று திருவிடைவாய்க் கோயில் கல்வெட்டில்தான் கிடைத்தது. பதிகத்தை ஊரறியப் பாடலாம், பணத்தின் ரகசியத்தைப் பாட முடியுமா என்பது அடுத்த மறுப்பு. முடியாதுதான். பல கை மாறும் உயிலிலும் அதை எழுதக் கூடாது. என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது என்பதை மட்டும் உயில் சொல்லட்டும். பீரோவில் வைத்த ஒற்றைத் தாளையும் நம்ப முடியாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புகுந்த கடலூருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மூன்று திறவுகோல்களில் எந்த இரண்டு சேர்ந்தாலும் திறக்கும் வாலட்டுகள் இருக்கின்றன. தில்லை அறைக்கோ மூவரும் வேண்டியிருந்தது.

ஏடு கிடைத்த பிறகும் வேலை முடியவில்லை. பதிகங்களுக்குரிய பண் தெரியவில்லை. விருத்தாசலத்தை அடுத்த எருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணை அழைத்துவந்தே பண் அமைத்தார்கள் என்கிறது அதே புராணம். சொற்களை எழுதி வைத்தவர்கள், அவற்றைக் கொண்டு வாலட்டைத் திறக்கும் முறையையும் நீங்கள் இருக்கும்போதே வீட்டில் ஒருவருக்குச் செய்து காட்டிவிடுங்கள்.